விசை கெடவில்லை, வழியில் வேறு யாரோ வாங்கிக்கொள்கிறார்கள்

கணினி: கேள்வியும் பதிலும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதால், அதுவரை பழைய அமைப்பிலேயே இருந்த வாசகர்கள் பலர் விண்டோஸ் 11-க்கு மாறியிருக்கிறார்கள். மாறியவர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே புகார்: ஆண்டுக்கணக்கில் விரல் தானாகவே போய் அழுத்திய குறுக்கு விசைகள் (ஷார்ட்கட் கீ) இப்போது வேலை செய்வதில்லை, அல்லது வேறு எதையோ செய்கின்றன. பகுதி முழுவதையும் இந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் 14 ஆண்டுகளாகப் பத்திர எழுத்தர் ஒருவரிடம் தட்டச்சு செய்கிறேன். தமிழ்99 முறையில் அடிப்பேன். பத்திரத்தில் பெயரும் முகவரியும் தமிழில் வரும். நடுவில் பான் எண் வந்தால் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். இதற்கு ஆல்ட் + ஷிஃப்ட் ஒன்றே போதுமாக இருந்தது. விண்டோஸ் 11 வந்த பிறகு ஒருமுறை அழுத்தினால் மாறுவதில்லை. இரண்டு முறை, சில சமயம் மூன்று முறை அழுத்த வேண்டியிருக்கிறது. திரையைப் பார்த்துப் பார்த்து அடிப்பதால் ஒரு நாளைக்கு முடிக்கும் வேலை பாதியாகிவிட்டது. விசைப்பலகையையே மாற்றிப் பார்த்தும் பயனில்லை. (தஞ்சாவூர் வாசகி)

பதில்: விசைப்பலகைக்குக் கொடுத்த பணம் வீண்தான், அம்மா, பழுது அதில் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறியே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. ஆல்ட் + ஷிஃப்ட் என்பது 'தமிழுக்குப் போ' என்ற கட்டளை அன்று. 'வரிசையில் அடுத்ததற்குப் போ' என்ற கட்டளை. உங்கள் பழைய கணினியில் வரிசையில் இருந்தவை இரண்டே விசைப்பலகைகள், ஒன்று ஆங்கிலம், மற்றொன்று தமிழ்99. அதனால் ஒருமுறை அழுத்தினால் தமிழ், மறுமுறை அழுத்தினால் ஆங்கிலம் என்று தராசுத் தட்டுப்போல் மாறிக்கொண்டிருந்தது. மேம்படுத்தும்போது அந்த வரிசையில் இன்னும் ஒன்றோ இரண்டோ சேர்ந்துவிடுவது உண்டு. இந்திய ஆங்கிலத்தோடு அமெரிக்க ஆங்கிலமும் வந்து உட்கார்ந்துகொண்டால், வரிசை நீண்டுவிடுகிறது. நீங்கள் ஒருமுறை அழுத்தும்போது ஒரு ஆங்கிலத்திலிருந்து இன்னொரு ஆங்கிலத்துக்குப் போகிறீர்கள். எழுத்தில் வேறுபாடு தெரியாததால் விசை வேலை செய்யவில்லை என்று தோன்றுகிறது.

எங்கள் வட்டாரத்தில் மனு எழுதிக் கொடுக்கும் ஒருவருக்கு இதே தொல்லை வந்தபோது அவர் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். திரையின் வலது கீழ் மூலையில் கடிகாரத்தை ஒட்டி இ.என்.ஜி. என்ற எழுத்துகள் இருந்தன. அதன் அடியில் இன்னும் சிறிதாக ஐ.என். என்று இருந்தது. ஆல்ட் + ஷிஃப்ட் அழுத்தச் சொன்னேன். மேல் எழுத்துகள் அப்படியே நிற்க, அடியில் இருந்தது மட்டும் யு.எஸ். ஆயிற்று. அவர் அந்த மூலையைப் பல நாள் பார்த்தவர்தான். ஆனால் மேலே உள்ள பெரிய எழுத்துகளை மட்டுமே பார்த்துவந்தார். நீங்களும் விண்டோஸ் விசையையும் இடைவெளிப் பட்டையையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். விண்டோஸ் விசையை விடாமல் பிடித்திருக்கும் வரை, கணினியில் உள்ள விசைப்பலகைகள் எல்லாம் ஒரு சிறு பட்டியலாகத் தெரியும். இரண்டுக்கு மேல் இருந்தால் அதுதான் காரணம்.

வேண்டாதவற்றை நீக்குவதற்கு, செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதிக்குள் லாங்குவேஜ் அண்ட் ரீஜன் என்பதைத் திறந்து, ஒவ்வொரு மொழிக்கும் எதிரே உள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி லாங்குவேஜ் ஆப்ஷன்ஸுக்குள் போனால், அந்த மொழியின் கீழ் உள்ள விசைப்பலகைகளைக் காணலாம்; தேவையில்லாததன் எதிரே உள்ள புள்ளிகளைச் சொடுக்கி ரிமூவ் கொடுங்கள். விண்டோஸ் விசை + இடைவெளிப் பட்டியலில் தெரிகிற ஒன்று இந்தப் பக்கத்தில் தென்படாமல் போவதும் உண்டு. அப்போது அதே விசைப்பலகையை இங்கே புதிதாகச் சேர்த்து, சேர்த்ததை உடனே நீக்கினால் இரண்டு இடத்திலிருந்தும் போய்விடும். விந்தையான வழிதான், ஆனால் பலன் தருகிறது.

இத்துடன் நிறுத்தாமல் இன்னொன்றையும் செய்துகொள்ளும்படி உங்களை வற்புறுத்துவேன். வரிசையில் அடுத்ததற்குப் போகும் விசை இருக்கும் வரையில், இப்போது எங்கே நிற்கிறோம் என்பது தெரிந்திருந்தால்தான் அடுத்து எங்கே போவோம் என்று தெரியும். அதற்காகக் கண் திரையின் மூலைக்குப் போய்த்தான் வர வேண்டும். நாள் முழுதும் மூலப்பத்திரத்தைப் பார்த்து அடிக்கும் ஒருவருக்கு அது பெரிய தண்டனை. தமிழுக்கு ஒரு விசையும் ஆங்கிலத்துக்கு ஒரு விசையுமாகத் தனித்தனியே வைத்துக்கொண்டால், எங்கே நின்றாலும் அதை அழுத்தினால் தமிழ், இதை அழுத்தினால் ஆங்கிலம். செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதனுள் டைப்பிங், அதனுள் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ், அதனுள் இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ் என்று போனால் ஒரு பழைய பாணிச் சாளரம் திறக்கும். அதில் தமிழ்99-ஐத் தேர்ந்து, சேஞ்ச் கீ சீக்வென்ஸ் கொடுத்து, இடது ஆல்ட் + ஷிஃப்ட் + 1 என்று வையுங்கள். ஆங்கிலத்துக்கு அதே விசைகளுடன் 2. கன்ட்ரோல் + ஷிஃப்டுடன் எண்ணைச் சேர்க்கவும் அதில் வழி உண்டு. ஆனால் எக்செல்லில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + 1, 4 போன்றவை எண்களின் வடிவத்தை மாற்றும் விசைகள் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. அதே சாளரத்தில் மொழிகளுக்கிடையே மாறும் பொது விசையை 'நாட் அசைன்டு' ஆக்கிவிட்டால், கை தவறி வேறு மொழிக்குப் போவதும் நின்றுவிடும்.

அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் பக்கத்திலேயே ஒவ்வொரு செயலிச் சாளரத்துக்கும் தனி உள்ளீட்டு முறை வைத்துக்கொள்ளலாம் என்ற தேர்வுப் பெட்டி ஒன்று உள்ளது. அது டிக் செய்யப்பட்டிருந்தால், வேர்டில் தமிழுக்கு மாறிவிட்டு இணைய உலாவிக்குப் போகும்போது அங்கே ஆங்கிலமே நிற்கும். பிடித்தவர்கள் வைத்துக்கொள்ளலாம், அது இருப்பதே தெரியாதவர்களைத்தான் குழப்புகிறது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறை, விண்டோஸ் 10-இன் பிற்காலப் பதிப்பிலேயே இயல்பாகச் சேர்ந்துவிட்டது. ஆகவே உங்களைப் போன்றவர்கள் தனி மென்பொருள் எதையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. பழைய தட்டச்சுப்பொறி முறையில் தேர்வு எழுதித் தேறியவர்களுக்குத்தான் அந்த வசதி இல்லை. அவர்களில் ஒருவரின் கேள்வி அடுத்து வருகிறது.

கேள்வி: தட்டச்சுப்பொறி முறையில் தமிழ் அடிப்பதற்காகத் தனி மென்பொருள் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். ஆல்ட்டுடன் ஓர் எண்ணை அழுத்தினால் தமிழ் வரும். மேம்படுத்திய பிறகு நோட்பேடிலும் வேர்டிலும் வருகிறது, எங்கள் கடையின் கணக்கு மென்பொருளில் மட்டும் வருவதே இல்லை. இன்னொன்று: காலையில் ஒழுங்காக வேலை செய்யும் அதே விசை, மதியத்துக்குள் எல்லாவற்றிலும் நின்றுவிடுகிறது, கணினியை அணைத்துப் போட்டால் மீண்டும் வருகிறது. (ஈரோடு வாசகர்)

பதில்: இரண்டும் வேறு வேறு காரணங்களால் வருபவை, ஐயா. இரண்டையும் புரிந்துகொள்ள, நீங்கள் அழுத்தும் ஒரு விசை எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். விசைப்பலகை, எந்த விசை அழுத்தப்பட்டது என்பதற்கான ஓர் எண்ணை மட்டுமே அனுப்புகிறது. இயக்குதளம், அதாவது விண்டோஸ், அதை வாங்கி, தனக்கென்று வைத்துக்கொண்ட விசையா என்று முதலில் பார்க்கிறது. பிறகு, 'எனக்கும் காட்டிவிட்டு அனுப்பு' என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கும் மென்பொருள்களிடம் காட்டுகிறது. கடைசியில்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் சாளரத்துக்கு அது போய்ச் சேர்கிறது. உங்கள் தமிழ் மென்பொருள் இருப்பது அந்த நடுவிடத்தில். ஊர்க் கால்வாயில் மேல்மடைக்காரர் திருப்பிக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் வராது அல்லவா, அப்படித்தான் இதுவும். ஏறக்குறைய எல்லாக் குறுக்கு விசைக் கோளாறுகளிலும் கேட்க வேண்டிய கேள்வி, மேலே யார் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதே.

முதல் குறைக்கு வருவோம். உங்கள் கணக்கு மென்பொருள் நிர்வாகி உரிமையுடன், அதாவது 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' முறையில் திறக்கிறது என்று நினைக்கிறேன். திறக்கும்போது திரை மங்கி, அனுமதிக்கலாமா என்று கேட்டால் அது உறுதி. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே, சாதாரண உரிமையில் ஓடும் ஒரு மென்பொருள், நிர்வாகி உரிமையில் ஓடும் சாளரத்துக்குள் அடிக்கப்படும் விசைகளைப் பார்க்க முடியாதபடி தடை இருக்கிறது. கடவுச்சொற்களைத் திருடும் மென்பொருள்களும் இதே நடுவிடத்தில் நின்றுதான் திருடுகின்றன என்பதால் அந்தத் தடை நியாயமானது. உங்கள் தமிழ் மென்பொருள் அதற்கு நடுவில் சிக்கிக்கொண்டது. முன்பு வேலை செய்ததற்குக் காரணம், பழைய அமைப்பில் அதுவும் நிர்வாகி உரிமையுடன் தொடங்கும்படி யாரோ வைத்துக் கொடுத்திருப்பார்கள். மேம்படுத்தியபோது அந்த அமைப்பு போயிருக்கும். கணக்கு மென்பொருளின் சின்னத்தில் வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதியைப் பாருங்கள். நிர்வாகியாக ஓடும்படி டிக் போட்டிருந்தால் எடுத்துவிட்டு, மென்பொருள் ஒழுங்காகத் திறக்கிறதா என்று சோதியுங்கள். பெரும்பாலும் திறக்கும். திறக்காவிட்டால் மட்டும் தமிழ் மென்பொருளையும் நிர்வாகி உரிமையுடன் ஓட்டலாம். அதை அதன் உரிய தளத்திலிருந்துதான் இறக்கினீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும்.

மதியத்துக்குள் நின்றுபோவது இன்னும் நுட்பமானது. நடுவில் நிற்கும் மென்பொருளிடம் விண்டோஸ் ஒரு விசையைக் காட்டினால், அது குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பு முதல் அந்த நேரம் எவ்வளவு கூட்டினாலும் ஒரு விநாடியைத் தாண்டாது. பதில் சொல்லத் தாமதித்தால், எந்த எச்சரிக்கையும் காட்டாமல் விண்டோஸ் அந்த மென்பொருளை வழியிலிருந்து அப்புறப்படுத்திவிடும். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும், சின்னமும் கடிகாரத்தின் அருகே தெரியும். ஆனால் விசைகள் எதுவும் அதனிடம் போகா. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி நினைவகம் போதும் என்று சொல்லப்பட்டாலும், அந்த அளவில் உலாவியும் கணக்கு மென்பொருளும் சேர்ந்து திறந்தால் கணினி திணறத்தான் செய்கிறது. திணறும் ஒரு கணத்தில் உங்கள் தமிழ் மென்பொருள் ஒரு விநாடி தாமதித்தால் போதும். அடுத்தமுறை நிற்கும்போது கணினியை அணைக்காதீர்கள். தமிழ் மென்பொருளை மட்டும் மூடி, மீண்டும் திறங்கள். வந்துவிட்டால் நான் சொன்னதே காரணம். நினைவகத்தை 8 ஜிபியாகக் கூட்டிக்கொள்வதே இதற்கு நிலையான மருந்து.

கேள்வி: வினாத்தாள் தயாரிக்கும்போது பிரின்ட் ஸ்கிரீன் விசையை அழுத்தி வேர்டில் ஒட்டிக்கொள்வேன். இப்போது அழுத்தினால் திரை இருண்டு, மேலே ஒரு சிறு பட்டை வருகிறது. ஒட்டினால் எதுவும் வருவதில்லை. (பள்ளி ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: 2023-இல் வந்த புதுப்பிப்பு ஒன்றின் மூலம் விண்டோஸ் 11 அந்த விசையை, திரையைப் படம் பிடிக்கும் ஸ்னிப்பிங் டூலுக்குக் கொடுத்துவிட்டது. இருண்ட திரையில் வேண்டிய பகுதியைச் சுட்டியால் கட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்த பிறகு ஒட்டினால் வரும். பழைய முறையே வேண்டும் என்றால் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதனுள் கீபோர்டு என்று போய், பிரின்ட் ஸ்கிரீன் விசையால் திரைப்பிடிப்பைத் திறக்கும் தேர்வை அணைத்துவிடுங்கள். ஆல்ட் + பிரின்ட் ஸ்கிரீன் அழுத்தினால் முன்னால் உள்ள சாளரம் மட்டும் நகலாவது முன்போலவே இருக்கிறது. வினாத்தாளுக்கு அதுவே பொருத்தமாக இருக்கும்.

கேள்வி: நான் பார்வையற்றவன். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானாக என்விடிஏ பயன்படுத்துகிறேன். அலுவலகக் கணினியை மேம்படுத்தித் தந்தார்கள். கன்ட்ரோல் + ஆல்ட் + என் அழுத்தினால் என்விடிஏ தொடங்குவதில்லை; யாரையாவது அழைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. விண்டோஸ் விசை + 3 அழுத்தினால் முன்பு வேர்டு திறக்கும், இப்போது வேறு ஏதோ திறக்கிறது. விண்டோஸ் விசை + ஏ அழுத்தினால் அறிவிப்புகளைக் காணவில்லை. கோப்பின் மீது பட்டியலைத் திறந்து எழுத்தை அழுத்திப் பெயர் மாற்றுவேன், அதுவும் போயிற்று. (அரசு ஊழியர், மதுரை)

பதில்: மற்றவர்களுக்குக் குறுக்கு விசை என்பது சுட்டியை எடுக்காமல் வேலை செய்யும் ஒரு வசதி, அது நின்றால் சுட்டியை எடுத்துக்கொள்வார்கள். தங்களுக்கோ கணினிக்குள் நுழையும் வாசலே அதுதான். வாசலின் இடத்தை மாற்றிவிட்டு, மாற்றியதைச் சொல்லாமல் போவது சரியன்று. அலுவலகங்களில் கணினியை மேம்படுத்தித் தருபவர்கள், அதைப் பயன்படுத்துபவர் அருகில் கால்மணி நேரம் உட்கார்ந்து, அவருடைய விசைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டுப் போவதை வழக்கமாக்க வேண்டும்.

கன்ட்ரோல் + ஆல்ட் + என் என்பது என்விடிஏ மென்பொருளுக்குள் இருக்கும் விசை அன்று. மென்பொருளே ஓடாதபோது அது எப்படி விசையைக் கேட்கும்? டெஸ்க்டாப்பில் உள்ள என்விடிஏ குறுக்குவழிச் சின்னத்தின் பண்புகளில்தான் அந்த விசை எழுதப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட சின்னங்கள் டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருந்தால்தான் அவற்றின் விசை வேலை செய்யும். மேம்படுத்தியவர், டெஸ்க்டாப்பைத் துப்புரவு செய்வதாக எண்ணி எல்லாச் சின்னங்களையும் ஒரு கோப்புறைக்குள் போட்டிருந்தாலும், அழித்திருந்தாலும், தங்கள் விசை அத்துடன் போயிருக்கும். விண்டோஸ் விசை + கன்ட்ரோல் + என்டர் அழுத்தினால் விண்டோஸின் சொந்தத் திரைவாசிப்பானான நரேட்டர் பேசத் தொடங்கும். அதை வைத்துக்கொண்டு, விண்டோஸ் விசை + ஆர் அழுத்தி, என்விடிஏ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை அடித்து என்டர் கொடுத்தால், நிறுவப்பட்ட என்விடிஏ திறந்துவிடும். பிறகு நரேட்டரை அதே மூன்று விசைகளால் நிறுத்திவிடலாம். இந்த அளவுக்கு யாருடைய உதவியும் தேவையில்லை. என்விடிஏ அமைப்புகளில் பொதுப் பிரிவில், கணக்கில் நுழைந்தவுடன் என்விடிஏ தொடங்கட்டும் என்ற தேர்வு உண்டு; அதை இட்டுவைத்தால் டெஸ்க்டாப் சின்னத்தை நம்ப வேண்டியதே இல்லை. பிறகு என்விடிஏவை மீண்டும் ஒருமுறை நிறுவி, டெஸ்க்டாப் சின்னத்தையும் விசையையும் உருவாக்கும் தேர்வை இட்டால் பழைய விசையும் வந்துவிடும்.

விண்டோஸ் விசையுடன் எண் அழுத்துவது, பணிப்பட்டையில் பொருத்தப்பட்டவற்றை இடமிருந்து எண்ணித் திறக்கிறது. மூன்றாவதாக இருந்த வேர்டு இப்போது ஐந்தாவதாக இருந்தால் விசை + 5 தான். பணிப்பட்டையில் வேண்டாதவற்றை நீக்கச் சொல்லி, பழைய வரிசையையே அமைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் விசை + ஏ, விண்டோஸ் 10-இல் அறிவிப்புகளையும் வைஃபை, ஒலி போன்ற விரைவு அமைப்புகளையும் ஒரே பலகையில் காட்டியது. விண்டோஸ் 11-இல் அது இரண்டாகப் பிரிந்துவிட்டது: ஏ அழுத்தினால் விரைவு அமைப்புகள், என் அழுத்தினால் அறிவிப்புகளும் நாட்காட்டியும். கோப்பின் பட்டியலும் அப்படியே சுருக்கப்பட்டு, நகலெடுத்தல், பெயர் மாற்றுதல் போன்றவை சின்னங்களாக ஒரு வரிசையில் வைக்கப்பட்டுள்ளன. தாங்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் எழுத்துகளோடு பழைய முழுப் பட்டியலும் வேண்டும் என்றால், கோப்பின் மீது நின்று ஷிஃப்ட் + எஃப்10 அழுத்துங்கள். பெயர் மாற்றுவதற்கு மட்டும் என்றால் எஃப்2 முன்பும் வேலை செய்தது, இப்போதும் செய்கிறது.

கேள்வி: அந்த எஃப்2-வே எனக்கு வேலை செய்யவில்லை. அழுத்தினால் திரையின் வெளிச்சம் குறைகிறது. எக்செல்லில் ஒவ்வொரு கட்டத்தையும் திருத்துவதற்கு எஃப்2 இல்லாமல் முடியாது. மடிக்கணினி, மேம்படுத்துவதற்கு முன் சரியாக இருந்தது. (கோவை வாசகர்)

பதில்: மடிக்கணினியின் எஃப் வரிசையில் ஒவ்வொரு விசைக்கும் இரண்டு வேலைகள் உண்டு, எது முதல் வேலை என்பதைத் தீர்மானிப்பது எஃப்என் விசையின் பூட்டு. எஃப்என் விசையைப் பெரும்பாலும் விண்டோஸ் பார்ப்பதுகூட இல்லை. மடிக்கணினிக்குள் விசைப்பலகையைக் கவனித்துக்கொள்ளும் சிறு சில்லே அதைப் பார்த்துத் தீர்மானித்து அனுப்புகிறது. மேம்படுத்தலின்போது தயாரிப்பாளரின் விசை மென்பொருளோ, கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸோ புதுப்பிக்கப்பட்டிருந்தால் இந்தப் பூட்டு தலைகீழாகியிருக்கும். முதலில் எஃப்என் + எஸ்கேப் அழுத்திப் பாருங்கள். பல மடிக்கணினிகளில், எஸ்கேப் விசையில் சிறு பூட்டுப் படம் இருந்தால் நிச்சயமாக, அதுவே திறவுகோல். அதில் மாறாவிட்டால், கணினி தொடங்கும்போது பயாஸுக்குள் போய், எஃப் விசைகளின் நடத்தை பற்றிய தேர்வை மாற்ற வேண்டும்.

கேள்வி: பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். ஒற்றுப் பிழைகளைத் திருத்துவதற்கும், மேற்கோள் பத்திகளுக்குப் பாணி கொடுப்பதற்கும் வேர்டில் நானே 30-க்கும் மேற்பட்ட விசைகளை அமைத்துவைத்திருந்தேன். விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவிய பிறகு ஒன்றுகூட இல்லை. கைகளை வெட்டிவிட்டாற்போல் இருக்கிறது. (சென்னை வாசகி)

பதில்: தங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது; அப்படி ஒரு தொகுப்பை உருவாக்க ஆண்டுகள் ஆகும். ஆனால் அவை அழிந்துவிட்டதாக இப்போதே முடிவு கட்டிவிடாதீர்கள். வேர்டில் நாம் அமைக்கும் விசைகள், வேறு எங்கும் சேமிக்கச் சொல்லாவிட்டால், நார்மல்.டாட்எம் என்ற ஒரே கோப்பில் இருக்கின்றன. பல கட்டளைகளை ஒன்றாகக் கோத்து வைக்கும் மேக்ரோக்களும் பொதுவாக அங்கேதான். வட்டை ஃபார்மட் செய்யாமல் விண்டோஸை நிறுவியிருந்தால், சி வட்டில் விண்டோஸ்.ஓல்ட் என்ற கோப்புறை இருக்கும். அதனுள் யூசர்ஸ், தங்கள் பழைய கணக்கின் பெயர், ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸ் என்று உள்ளே உள்ளே போனால் அந்தக் கோப்பு கிடைக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும் கோப்புறை. வியூ பட்டியலில் மறைந்தவற்றைக் காட்டும்படி செய்தால்தான் தெரியும். வேர்டை மூடிவிட்டு, புதிய கணக்கின் அதே இடத்தில் உள்ள நார்மல்.டாட்எம்முக்கு வேறு பெயர் கொடுத்துவிட்டு, பழையதைக் கொண்டுவந்து வையுங்கள்.

இந்தப் பத்தியைப் படித்தவுடன் செய்துவிடுங்கள். விண்டோஸ்.ஓல்ட் நெடுநாள் இருக்காது. பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதிக்கு வழக்கமாக 10 நாள்தான் அவகாசம். அது கடந்தால் விண்டோஸே அந்தக் கோப்புறையைத் துடைத்துவிடும். கோப்பு கிடைத்ததும் அதன் நகல் ஒன்றைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லினக்ஸ் இயக்குதளமான உபுண்டுவில் 20.04-லிருந்து 22.04-க்கு மாறினேன். கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக மாற்ற எக்ஸ்மாட்மேப் என்ற கருவியைப் பயன்படுத்தினேன், இப்போது எடுபடவில்லை. தமிழ் விசைப்பலகையில் இருக்கும்போது சில மென்பொருள்களில் கன்ட்ரோல் + சி கூட நகலெடுப்பதில்லை. (பொறியியல் மாணவர், திருச்சி)

பதில்: 22.04-இல் பெரும்பாலான கணினிகளில் திரையை நடத்துவது வேலண்ட். முன்பு அந்த வேலையைச் செய்தது எக்ஸ்.ஆர்க். பழைய முறையில் எந்த மென்பொருளும் எல்லா விசைகளையும் பார்க்கலாம், மாற்றலாம். வேலண்ட் அதை அனுமதிப்பதில்லை. ஈரோடு வாசகருக்கு விண்டோஸில் வந்த தடையின் காரணமும் தம்பிக்கு இங்கே வந்த தடையின் காரணமும் ஒன்றேதான். எக்ஸ்மாட்மேப், எக்ஸ்பைண்ட்கீஸ் போன்றவை எக்ஸ் உலகத்துக் கருவிகள். நுழையும் திரையில் பெயரைச் சொடுக்கியதும் வலது கீழ் மூலையில் தெரியும் பற்சக்கரத்தில் 'உபுண்டு ஆன் எக்ஸ்.ஆர்க்' என்பதைத் தேர்ந்தால் பழையபடி வேலை செய்யும். ஆனால் அதைப் பழகிக்கொள்ள வேண்டாம். உபுண்டு 25.10-இல் அந்தத் தேர்வே எடுக்கப்பட்டுவிட்டதால், அதற்கோ அதற்குப் பிந்தைய பதிப்புக்கோ மேம்படுத்தும்போது இதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள். கூடுதல் அமைப்புகளைத் திறந்து தரும் க்னோம் ட்வீக்ஸ் என்ற மென்பொருளை நிறுவி, விசைப்பலகைப் பிரிவில் கூடுதல் அமைப்புகளுக்குள் கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக்கும் தேர்வை இட்டால் வேலண்டிலேயே எடுபடும். கூடுதலாக மாற்ற விரும்பினால், இயக்குதளத்தின் அடிமட்டத்தில் நின்று விசைகளைத் திருத்தும் கீடி என்ற கருவி இருக்கிறது.

கன்ட்ரோல் + சி பற்றிய குறை, லினக்ஸில் லத்தீன் அல்லாத எழுத்துகளைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் உள்ள பழைய வழக்கு. விண்டோஸில் தமிழ் விசைப்பலகை இருக்கும்போதும் அந்த விசை உள்ளுக்குள் சி என்றே அறியப்படுகிறது. அதனால் தமிழில் நின்றே நகலெடுக்கலாம். லினக்ஸில் சில மென்பொருள்கள், விசை தரும் எழுத்தையே பார்க்கின்றன. தமிழில் அது வேறொன்றாக இருப்பதால் சி அழுத்தப்பட்டதாக அவை எண்ணுவதில்லை. நன்றாக எழுதப்பட்டவை, பட்டியலில் உள்ள மற்ற விசைப்பலகைகளில் அதே விசைக்கு லத்தீன் எழுத்து இருக்கிறதா என்று தேடிக்கொள்ளும். ஆகவே செட்டிங்ஸில் கீபோர்டு பகுதியில், உள்ளீட்டு மூலங்களின் பட்டியலில் ஆங்கிலத்தை நீக்காமல் முதலாவதாக வையுங்கள். தமிழை அதன் கீழே, எக்ஸ்கேபி எனப்படும் நேரடி விசைப்பலகையாக வைப்பதற்குப் பதிலாக, ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக வரும் தமிழ்99 (எம்17என்) முறையாகச் சேர்த்துப் பாருங்கள். அதில் அடியில் ஆங்கில விசைப்பலகையே இருக்க, தமிழாக்கம் அதற்கு மேல் நடப்பதால், கன்ட்ரோலுடன் சேர்ந்த விசைகள் தடையின்றிப் போய்ச் சேரும்.